வில்பிரட் சாரின் லீவுக் கட்டு

புத்தகத்தில் கிறுக்குகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. குரோம்பேட்டையில் அஸ்தினாபுரம் போகிற சாலையில், சைக்கிள் கடைக்கும் மாவு மில்லுக்கும் நடுவில் சின்னதாக ஒரு வாடகை நூல் நிலையம் நடத்திக்கொண்டிருந்தேன். 'புத்தகத்தில் எதுவும் எழுதக் கூடாது' என்று வாசலிலேயே பலகை மாட்டியிருந்தேன். அந்தப் பலகையை நன்றாகப் படித்துவிட்டு உள்ளே வந்துதான் எழுதுவார்கள்.

எழுதுவதென்றால் பெரிதாக ஒன்றுமில்லை, அடையாளம். வாரம் இரண்டு புத்தகம் எடுத்துப் படிக்கிறவர்களுக்கு எதைப் படித்தோம், எதைப் படிக்கவில்லை என்று எப்படி ஞாபகம் இருக்கும்? அட்டையில் எல்லாம் ஒரே பெண், ஒரே ஜன்னல், ஒரே மழை. அதனால் ஆளுக்கு ஒரு பக்கம் வைத்துக்கொள்வார்கள். பேங்க் லக்ஷ்மிநாராயணன் சாருக்கு இருபத்தேழாம் பக்கம், ஓரத்தில் பொடியாக ஒரு 'ல'. மாவு மில் எல்லம்மாவுக்குக் கடைசிப் பக்கம், மூன்று புள்ளி. ஒரு புத்தகத்தைக் கையில் எடுத்ததும் தன் பக்கத்தைப் புரட்டுவார்கள். குறி இருந்தால் ஏற்கெனவே படித்தது, திரும்ப வைத்துவிடுவார்கள். நானும் ரப்பரும் கையுமாக அழித்துப் பார்த்தேன். அதற்கும் சண்டைக்கு வந்தார்கள். "நீங்க அழிச்சதால படிச்ச கதையையே மறுபடியும் எடுத்துட்டேன், பாதி வந்தப்புறம்தான் தெரிஞ்சுது" என்று என்னிடமே நியாயம் கேட்டார்கள்.

ஞானம்மாள் டீச்சருக்கு நாற்பத்தோராம் பக்கம். பக்க எண்ணைச் சுற்றிச் சிவப்புப் பென்சிலில் ஒரு வட்டம். பள்ளிக்கூடத்தில் கரும்பலகையில் எழுதிப் பழகிய கை, அத்தனை திருத்தமாக இருக்கும். அதை மட்டும் நான் அழித்ததில்லை. அழிக்க மனசு வராது.

டீச்சர் உள்ளே புத்தகம் தேடிக்கொண்டிருக்கும்போது, வெளியே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ஒருவர் நிற்பார். அவர்தான் வில்பிரட் சார், டீச்சரின் கணவர். தாம்பரத்தில் ரயில்வே சிக்னல் ஆபீஸில் ஹெட் கிளார்க். ஒல்லி, வழுக்கை, சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா. பேப்பர் படிப்பார், வேதாகமம் படிப்பார், அதோடு சரி. கதைப் புத்தகம் என்றால் என்னவோ பெண்களுக்கான ஜவுளிக் கடை மாதிரி வாசலோடு நின்றுவிடுவார். டீச்சர் எடுத்துக் கொடுத்ததைப் பையில் போட்டு ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு போவார். இருவரும் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை. அதிகம் பேசிக்கொண்டும் பார்த்ததில்லை.

மே மாதம் வந்தால் எனக்குக் கல்யாண சீசன் மாதிரி. லீவுக்கு ஊருக்குப் போகிறவர்கள் மொத்தமாகப் புத்தகம் கேட்பார்கள். அவர்களுக்காகவே ஆறு புத்தகம் சேர்த்துச் சணல் கயிற்றால் கட்டிக் கொடுப்பேன். அதற்கு லீவுக் கட்டு என்று பெயர் வைத்திருந்தேன். ஒரே ரகமாக எடுத்தால் இரண்டாம் நாளே திகட்டிவிடும், கலந்து எடுக்க வேண்டும் என்பது என் கட்சி. அழுவதற்கு ஒன்று, சிரிப்பதற்கு ஒன்று, கொலை ஒன்று, சாமி ஒன்று, ஊர் சுற்றின கதை ஒன்று, மத்தியானம் தூக்கம் வருவதற்குக் கனமாக ஒன்று. இதில் எதைக் குறைத்தாலும் லீவு சரிப்படாது என்று அடித்துச் சொல்வேன். ஞானம்மாள் டீச்சர் கேட்க மாட்டார். கொலையை வெளியே எடுத்து வைத்துவிட்டு, அந்த இடத்தில் சமையல் புத்தகத்தைச் செருகிவிடுவார். வருடா வருடம் பாளையங்கோட்டையில் அண்ணன் வீட்டுக்கு அந்தக் கட்டோடுதான் போவார்கள்.

எண்பத்துநாலில் டீச்சர் மஞ்சள் காமாலையில் போய்விட்டார். குழந்தை கிடையாது. கல்லறைத் தோட்டத்தில் வில்பிரட் சார் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. எல்லாருக்கும் தண்ணீர் கிடைத்ததா, வயதானவர்கள் உட்கார நாற்காலி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். கல் நெஞ்சுக்காரர் என்று கூட வந்தவர்கள் முணுமுணுத்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. அழத் தெரியாதவனும் மனுஷன்தானே?

அதற்கப்புறம் சனிக்கிழமை சாயங்காலங்களில் சார் தனியாக வருவார். இப்போது உள்ளே வருவார். ஸ்டூலில் கொஞ்ச நேரம் உட்காருவார். புத்தகம் எடுக்க மாட்டார். மழை வருமா, மின்சார ரயில் எதற்கு லேட் என்று ஏதாவது பேசிவிட்டுப் போய்விடுவார்.

எண்பத்தேழு பிப்ரவரியில் அவருக்கு இரண்டாம் கல்யாணம். சர்ச்சில் போதகர் ஐசக் ஐயர் பேசி முடித்தார். பெண் மெட்டில்டா, சானடோரியம் பக்கத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ். தம்பி தங்கைகளைப் படிக்க வைத்து, கரையேற்றி, நிமிர்ந்து பார்ப்பதற்குள் வயது நாற்பத்துநாலு ஆகிவிட்டிருந்தது. நல்ல உயரம், பளிச்சென்று பேச்சு. ஆனால் அஸ்தினாபுரத்தில் சார் வீட்டுக்குள் நுழைந்தால் மட்டும் அந்தப் பேச்சு எங்கே போகுமோ தெரியாது.

அந்த வீட்டை நான் பார்த்திருக்கிறேன். ஹாலில் டீச்சர் படம், அதன் கீழே சின்ன சீரியல் பல்பு. கதவுக்குப் பின்னால் ஆணியில் டீச்சரின் குடை. படுக்கை அறையில் டீச்சரின் அலமாரி, பூட்டியபடி. சார் வேண்டுமென்று வைத்திருந்தார் என்று சொல்ல மாட்டேன். எடுக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை, அவ்வளவுதான். மெட்டில்டா சிஸ்டரும் எதையும் தொடவில்லை. நைட் ட்யூட்டி, டபுள் ட்யூட்டி என்று வாரத்தில் பாதி நாள் நர்ஸ் குவார்ட்டர்ஸிலேயே தங்கிவிடுவார். அவருடைய ட்ரங்க் பெட்டியும் துணிமணியும் அங்கேயே இருந்தன. கல்யாணம் ஆனவர் அந்த அறையை விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது விதி. மேட்ரன் அம்மா இரக்கப்பட்டு மே மாதக் கடைசி வரை தவணை கொடுத்திருந்தார்.

அறையைக் காலி செய்யவில்லை என்றால் என்ன அர்த்தம் என்று குரோம்பேட்டையில் எல்லாருக்கும் தெரியும். சர்ச்சில் பெண்கள் அதைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். வில்பிரட் சார் அதை என்னிடம் ஒரே ஒரு தடவை சொன்னார்.

"ஏற்காட்டுல நம்ம சர்ச் கெஸ்ட் ஹவுஸ்ல ஐயர் இடம் சொல்லிருக்கார், தயாளன். பத்து நாள். போய்ட்டு வந்து முடிவு சொல்றேன்னு சொல்லிருக்கா."

"இன்னா முடிவு சார்?"

"குவார்ட்டர்ஸ விடறதா, வேணாமான்னு."

சொல்லிவிட்டுக் கையைப் பிசைந்தார். அவர் பயந்திருந்தார். ஆபீஸில் இருபது பேரை மேய்க்கிற மனுஷன், ஒரு பெண்ணோடு பத்து நாள் தனியாக இருக்கப் பயந்தார்.

"அங்க என்ன பேசறதுன்னே தெரியலப்பா. வீட்லன்னா அவளுக்கு ட்யூட்டி, எனக்கு ஆபீஸ். புஸ்தகம் இருந்தா அவ பாட்டுக்குப் படிப்பா. நல்லதா ஒரு கட்டு எடுத்துக்கறேன்."

எனக்குச் சந்தோஷமாகிவிட்டது. மூன்று வருடத்துக்கப்புறம் மனுஷர் புத்தகம் கேட்கிறார். மேலே கிடந்ததையெல்லாம் இறக்கி மேஜையில் பரப்பினேன். வந்து ஒரு வாரம்கூட ஆகாத புதுசுகள் இருந்தன. அவர் அதையெல்லாம் ஒதுக்கிவிட்டுப் பழைய வரிசைக்குப் போனார். ஒவ்வொன்றாக எடுப்பார், நடுவில் ஒரு பக்கத்தைப் புரட்டிப் பார்ப்பார், சிலதை வைத்துவிடுவார், சிலதைக் கையில் வைத்துக்கொள்வார். பக்கம் கிழிந்திருக்கிறதா என்று பார்க்கிறார் போலிருக்கிறது, ஆபீஸ் புத்தி என்று நினைத்தேன். கிட்டே போய்ப் பார்த்தபோதுதான் புரிந்தது. அவர் புரட்டியது நாற்பத்தோராம் பக்கம். வட்டம் இருந்தால் எடுக்கிறார், இல்லாவிட்டால் வைக்கிறார்.

ஊரே தன் குறி இருந்தால் புத்தகத்தை வைத்துவிடும். உலகத்திலேயே குறியைப் பார்த்துப் புத்தகம் எடுத்தவர் இவர் ஒருவர்தான்.

"சார், இதெல்லாம் டீச்சரம்மா படிச்சது."

"தெரியும் தயாளன். அதான் எடுக்கறேன். எனக்கு இதுல எது நல்லது, எது மட்டம்னு என்ன தெரியும்? ஞானம் படிச்சதுன்னா தப்பா இருக்காது."

"படிச்சிகிறாங்கன்னுதான் சார் அந்த வட்டம். புடிச்சிருந்துதுன்னு இல்ல. சிஸ்டர ஒரு தபா கூட்டினு வாங்களேன், அவங்களே பாத்து எடுக்கட்டும்."

"அவளுக்கு ட்யூட்டி."

"புதுசா கொலைக் கதை ஒண்ணு கீது. சூப்பரா கீது சார். அதையாவது வைங்க."

"சே சே, கொலை எல்லாம் வேணாம்பா. லேடீஸ்."

ஆறும் கலந்துதான் எடுத்தார், அதில் குறை சொல்ல முடியாது. குடும்பக் கதை ஒன்று, சிரிப்புக் கதை ஒன்று, காசி யாத்திரை ஒன்று, தியானப் புத்தகம் ஒன்று, கனமான சரித்திரக் கதை ஒன்று. கொலையின் இடத்தில் சமையல் புத்தகம். டீச்சர் எடுத்துப்போகிற அதே கட்டு. கயிற்றைக் கட்டிக் கொடுத்தேன். எடுத்துச் சொல்லியாயிற்று, கேட்கவில்லை. அந்தச் சிவப்பு வட்டத்தைத் தவிர அவருக்குப் பிடித்துக்கொள்ள வேறு எதுவும் இருக்கவில்லை என்பது எனக்கும் தெரிந்தது. பாவம்.

ஏற்காட்டில் நடந்ததைப் பிற்பாடு மெட்டில்டா சிஸ்டரே எனக்குச் சொன்னார்.

முதல் இரண்டு நாளும் கம்பளி போதுமா, டீ ஆறிவிட்டதா என்பதைத் தவிர அவர்களுக்குள் பேச்சில்லை. சிஸ்டர் வராந்தாவில் உட்கார்ந்து குடும்பக் கதையைப் படித்தார். சார் எதிரில் உட்கார்ந்து, முதல் நாள் பேப்பரை மடித்து மடித்து வைத்துப் படித்தார். மூன்றாம் நாள் காலையில் சிஸ்டர் அந்தக் கதையை முடித்துவிட்டு யாத்திரைப் புத்தகத்தை எடுத்தார். அதிலும் நாற்பத்தோராம் பக்கத்தில் சிவப்பு வட்டம். நர்ஸுக்குக் கண் கூர்மை. உள்ளே போய் மீதி நாலையும் பார்த்தார். பிறகு ஆறு புத்தகத்தையும் அந்தப் பக்கத்தில் விரித்து, வார்டில் கேஸ் ஷீட்டை வைப்பது போலக் கட்டிலில் வரிசையாக வைத்துவிட்டு அவரைக் கூப்பிட்டார்.

"இது யாரு போட்டது?"

"ஞானம்."

"எல்லாத்துலயும் இருக்கே."

"ஆமா. பார்த்துத்தான் எடுத்தேன்."

நல்ல காரியம் செய்தவர் மாதிரி சொல்லியிருக்கிறார். சிஸ்டருக்கு அடக்க முடியவில்லை.

"வீட்லதான் அவங்க அலமாரி, அவங்க குடை, அவங்க போட்டோ. நான் ஒரு வார்த்தை சொல்லலை. மலை ஏறி வந்தப்புறமும் அவங்க படிச்ச மிச்சம்தான் எனக்கா? எனக்குன்னு ஒரு புஸ்தகம்கூட உங்களுக்குத் தோணலையா?"

சிஸ்டர் செருப்பை மாட்டிக்கொண்டு ஏரிப் பக்கம் நடந்துவிட்டார். ஏரியைச் சுற்றி நடக்கும்போதே முடிவும் எடுத்துவிட்டார். திரும்பிப் போனதும் மேட்ரன் காலில் விழுந்தாவது அறையை விடாமல் பிடித்துக்கொள்வது, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு மட்டும் இவரோடு வருவது, மற்றபடி அவரவர் பாடு அவரவருக்கு. இத்தனை வருடம் தனியாக இருந்தாயிற்று, இனிமேல் மட்டும் என்ன?

சாயங்காலம் திரும்பி வந்தபோது சார் கட்டிலில் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். ஆறு புத்தகமும் அப்படியே விரிந்திருந்தன. ஒன்றை மடியில் வைத்து அந்த நாற்பத்தோராம் பக்கத்தை மட்டும் படித்துக்கொண்டிருந்தார். மத்தியானம் சாப்பிடவில்லை. இத்தனை வருடம் நோயாளிகளைப் பார்த்த கண்ணுக்கு, ஒரு ஆள் அப்படி உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. ஏதாவது பேச்சுக் கொடுக்கலாம் என்றுதான் சிஸ்டர் கேட்டார்.

"சரி, விடுங்க. இதுல அவங்களுக்கு எது ரொம்பப் பிடிச்சது?"

சார் நிமிர்ந்து பார்த்தார்.

"தெரியாது."

"ஒண்ணப் பத்திக்கூடவா சொன்னதில்ல?"

"சொல்லுவா. தினம் சாப்பிடறப்ப சொல்லுவா. நான் பேப்பரப் பாத்துட்டே 'ம்'னு சொல்லுவேன். பத்தொம்பது வருஷம். அவ என்ன சொன்னான்னு ஒண்ணுகூட ஞாபகம் இல்ல மெட்டில்டா. காலைலேர்ந்து யோசிச்சுட்டே இருக்கேன். ஒரு கதைகூட வரமாட்டேங்குது."

அப்போதுதான் அழுதார். கல்லறைத் தோட்டத்தில் அழாத மனுஷன், கெஸ்ட் ஹவுஸ் கட்டிலில் ஒரு சமையல் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, சத்தம் போட்டு அழுதிருக்கிறார். சிஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்து அவர் முதுகைத் தடவிக் கொடுத்தார். 'பெண்டாட்டியாகத் தடவினேனா, நர்ஸாகத் தடவினேனா என்று எனக்கே தெரியவில்லை' என்று என்னிடம் சொன்னார்.

மறுநாள் காலையில் இருவருமாக நடக்கப் போனார்கள். வழியில் சிஸ்டர், தான் படித்து முடித்த குடும்பக் கதையை அவருக்குச் சொல்ல ஆரம்பித்தார். பழக்க தோஷம், சார் 'ம்' என்றார். சிஸ்டர் நிறுத்திவிட்டார். பிறகு சார் தொண்டையைக் கனைத்துக்கொண்டு கேட்டார்.

"அப்புறம் அந்தத் தம்பிக்காரன் என்ன ஆனான்? பங்கு கேட்டானே?"

மீதி நாள் முழுக்க அப்படித்தான் போனதாம். படிப்பது சிஸ்டர், கேட்பது சார். அவர் கேட்ட கேள்விகளைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார் சிஸ்டர். காசி யாத்திரை போனவர் எந்த ரயிலில் போனார், எங்கே வண்டி மாறினார் என்று ஆபீஸ் கேள்வியெல்லாம் கேட்டிருக்கிறார்.

அவர்கள் ஏற்காட்டில் இருந்த நாளெல்லாம் எனக்கு இங்கே இருப்புக் கொள்ளவில்லை. மே மாதம் முடிய மூன்று நாலு நாள் இருக்கும்போது, மத்தியான வெயிலில் சிஸ்டர் மட்டும் கட்டைத் தூக்கிக்கொண்டு தனியாகக் கடைக்கு வந்தார். வில்பிரட் சார் இல்லை. எனக்குப் பகீரென்றது. கயிற்றை அவிழ்த்துப் புத்தகங்களை எடுத்து வைத்தேன், முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. அப்போதுதான் ஸ்டூலில் உட்கார்ந்து இவ்வளவும் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு,

"அண்ணா, உங்களுக்காவது தெரியுமா? இதுல டீச்சருக்கு எது பிடிக்கும்?" என்று கேட்டார்.

"புடிச்சதா? இந்தக் குடும்பக் கதையத் திருப்பிக் குடுக்க சொல்லோ இன்னா சொன்னாங்க தெரியுமா சிஸ்டர்? 'இந்த மாமியாரக் குக்கர்ல வச்சாலும் வேகாது தயாளன், இப்படி ஒரு கதைய எனக்குக் குடுத்தீங்களே'ன்னு ஒரே ரகளை."

சிஸ்டர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. அவர்கிட்ட சொல்லணும் இத."

அந்த 'அவர்கிட்ட சொல்லணும்' என் காதில் விழுந்ததும் கொஞ்சம் தைரியம் வந்தது. "சார் எங்க சிஸ்டர்?" என்று கேட்டேன்.

"மீன்பாடி வண்டி ஒண்ணு பேசிட்டு குவார்ட்டர்ஸுக்குப் போயிருக்கார். என் பெட்டி, கட்டில் எல்லாம் ஏத்திட்டு வரணும். மேட்ரன்கிட்ட காலைலயே சாவியக் குடுத்துட்டேன்."

"டீச்சரம்மா அலமாரி?"

"இருக்கட்டும்ணா. நானும் அவருமா ஒரு நாள் தொறப்போம். நானே திறக்கக் கூடாது, அவர் மட்டும் தனியாவும் திறக்கக் கூடாது."

சொல்லிவிட்டு எழுந்து கடையின் புத்தகத் தட்டுகளைப் பார்க்க ஆரம்பித்தார். நான் சும்மா இருந்திருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை.

"ஏரியச் சுத்தி வர சொல்லோ ஒரு முடிவு பண்ணிங்களே சிஸ்டர், அத எப்ப மாத்தினிங்க?"

அவர் திரும்பாமலேயே பதில் சொன்னார்.

"அழுதாரே, அப்பவே. பொண்டாட்டி செத்து மூணு வருஷம் கழிச்சு, அவ என்ன சொன்னான்னு தெரியலையேன்னு ஒரு மனுஷன் அழறான். நாளைக்கு நான் போனப்புறமும் இவர் இப்படி உக்காந்து அழக்கூடாதுண்ணா. குவார்ட்டர்ஸ்ல இருந்துட்டு அது எப்படி முடியும்? பக்கத்துல இருந்து, காது கேக்கற வரைக்கும் சொல்லிட்டே இருக்கணும். பேப்பரப் பிடுங்கிப் போட்டாவது சொல்லணும்."